சின்னத்தாயிக்குத் தைத்த போர்வை

தனக்கோடிக்குக் கை சுத்தம் என்று தையல் கம்பெனியில் பேர். சட்டைக்குக் காஜா எடுத்தால் ஒரு பிசிறு இருக்காது என்பதற்காகத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு நூல்கண்டுகூட அவளோடு கேட்டைத் தாண்டியதில்லை என்பதையும் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு அர்த்தத்திலும் அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. பங்களூர் ஜீவனஹள்ளியில் எட்டு வீட்டு வரிசையில் கடைசி அறை, அதில் அவள் ஒருத்தி. வேறு சொத்து என்று அவளுக்கு எதுவும் இல்லை.

புருஷன் வெங்கடசாமி ரயில்வே கேங்கில் கூலியாக இருந்தவன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு கூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவே மாட்டிச் செத்துப்போனான். அதற்கப்புறம் ஒரு வருஷம் எப்படி ஓடியது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தண்டவாள ஓரத்தில் எரிந்த கரி பொறுக்கினாள். ஹோட்டல் பின்வாசலில் பாத்திரத்தோடு நின்றாள். அண்ணன் வீட்டில் அண்ணி சோற்றைப் போட்டுவிட்டு, அவள் சாப்பிடுகிற கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்து வரிசையில் நின்ற அன்றைக்கு அவளுக்கு வயிற்றில் இரண்டு நாள் பட்டினி. அந்த வருஷம் இன்னொரு தடவை வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

காக்ஸ் டவுனுக்கு அந்தண்டை ரயில் பாதையை ஒட்டி இருந்தது கம்பெனி. பட்டாளத்துக்கு உடுப்பு தைக்க ஆரம்பித்தது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் போன பிறகும் தையல் நிற்கவில்லை. போலீஸுக்குக் காக்கி, அனாதை விடுதிப் பெண்களுக்குக் கட்டம் போட்ட கவுன், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கோடு போட்ட பைஜாமா என்று ஏதாவது ஒரு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். எழுபது எண்பது பெண்கள் வேலை செய்தார்கள். வெட்டும் மேஜையிலிருந்து கீழே விழுகிற துண்டுகளைக் கோணிச் சாக்கில் அடைத்து, மெஷின் துடைக்க என்று ஒரு காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவார்கள். துணியில் ஒரு விரல் அகலம் வெளியே போனாலும் திருட்டுதான் என்று கேட்டில் மூன்று பாஷையில் எழுதிப் போட்டிருந்தது.

சின்னத்தாயி அவளுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பவள். குடியாத்தம் பக்கத்துப் பெண். பதினேழு வயதில் பெருமாள்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பெருமாள்சாமிக்கு வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை; மழைக்காலத்தில் அதுவும் இருக்காது. அதே வரிசையில் மூன்றாவது வீடு அவர்களுடையது. தனக்கோடியும் சின்னத்தாயியும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள், சேர்ந்தே வருவார்கள், மத்தியானம் ஒரே பாத்திரத்தில் குழம்பு ஊற்றிக்கொள்வார்கள். சின்னத்தாயிக்கு வாய் ஓயாது. தனக்கோடி அதிகம் பேசமாட்டாள். அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போனது.

சின்னத்தாயிக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இரண்டாவது ஒரு ஆண் குழந்தை. கார்த்திகையில் பிறந்து, மார்கழிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி, நாற்பதாம் நாள் போய்விட்டது. அந்த வரிசை வீடுகளுக்குக் கல் தரை. பங்களூர்க் குளிர் கூரைவழி இறங்குவது பாதி, அந்தத் தரைவழி ஏறுவது பாதி. அப்பனுடைய சுண்ணாம்புக் கறை படிந்த கோட்டில் சுற்றி வைத்திருந்தார்கள் குழந்தையை. கடைசியாகக் குளிப்பாட்டியது தனக்கோடிதான். அந்த உடம்பின் சில்லிப்பு நெடுநாள் அவள் கையை விட்டுப் போகவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சின்னத்தாயி மறுபடி உண்டானாள். மூன்று மாசம்வரை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் நின்று, "அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். வாயத் தொறக்காத. கண்ணு பட்டுடும்," என்றாள்.

"ஏதாச்சும் வாங்கி வெச்சியா?"

"ஒண்ணும் வாணாம்கா. ரெண்டு தபா வாங்கி வெச்சு இன்னா ஆச்சு? பொறக்கட்டும், அப்பால பாத்துக்கலாம். அது வரைக்கும் ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

தனக்கோடி தலையை ஆட்டினாள். ஆனால் இந்தத் தடவை குளிரைக் குழந்தையிடம் அண்டவிடக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் கல் உடைக்க வந்திருந்தார்கள் தார்வாட் பக்கத்து ஜனங்கள். அவர்களுடைய குழந்தைகள் திறந்த வெளியில், கோணிப் படுதாவுக்கு அடியில் தூங்கும். ஒட்டுத்துணிகளைச் சேர்த்துக் கெட்டியாகத் தைத்த போர்வை ஒன்று ஒவ்வொரு குழந்தைக்கும் இருந்தது. கௌதி என்பார்கள் அவர்கள். தனக்கோடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அதை எப்படித் தைக்கிறது என்று கேட்டாள். அவர்கள் பேசிய கன்னடம் அவளுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் ஊசிக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. அடியில் பழைய புடவை, அதற்கு மேல் இன்னொரு பழைய புடவை மடிப்பு, மேலே துண்டுகள். வெளி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் ஓட்டுத் தையல். நடுவில் வந்து முடியும்போது மூன்றும் ஒன்றாகியிருக்கும்.

அடிக்கும் நடுவுக்கும் அவளிடம் புடவை இருந்தது. மேல் துண்டுகளுக்குத்தான் எங்கே போவது? கம்பெனியில் நிற்கிற இடமெல்லாம் துண்டு. நல்ல ஃப்ளானல், புதுசு, கொஞ்சம்கூட நைந்திராதது, காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. வெட்டும் மேஜை மாஸ்டர் சில்வெஸ்டரிடம் போய் நின்றாள்.

"மாஸ்டர், கீழ விழறதுல நாலு துண்டு எடுத்துக்கட்டுமா? ஒரு பச்சக் கொழந்தைக்கு."

சில்வெஸ்டர் கத்தரியை நிறுத்தவில்லை. "என்கிட்ட கேக்காத தனக்கோடி. கேட்டா நான் இல்லேன்னுதான் சொல்லணும்," என்றார்.

அதை அவள் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு, மூன்று துண்டு, ரவிக்கைக்குள். கேட்டில் பெண்களைச் சோதிக்கிற கிழவி தனக்கோடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போ என்று கை காட்டுவாள். கை சுத்தம் என்ற பேர் அப்படி உதவியது.

அவளுடைய அப்பா காலத்திலிருந்தே புத்தரைக் கும்பிடுகிற வீடு அது. பௌர்ணமிதோறும் பௌத்த சங்கத்துக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து பஞ்சசீலத்தின் ஐந்து உறுதிமொழிகளையும் சொல்லிவிட்டு வருவாள். கொடுக்காததை எடுக்க மாட்டேன் என்ற இடம் வரும்போது அந்த வருஷம் அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. பெருக்கித் தள்ளுகிறதுதானே என்று சொல்லிக்கொண்டாள். மெஷின் துடைக்கப் போகிற துணி ஒரு குழந்தையின் மேல் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தாள். காக்கிக்குப் பக்கத்தில் கவுனின் சிவப்புக் கட்டம், அதற்குப் பக்கத்தில் ஆபரேஷன் அங்கியின் பச்சை, பிறகு மறுபடி காக்கி. சின்னத்தாயி கதவைத் தட்டினால் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டுவிட்டுத் திறப்பாள். "இன்னாக்கா, உள்ள யார ஒளிச்சு வெச்சிருக்க?" என்று சிரிப்பாள் அவள். தனக்கோடிக்கும் சிரிப்பு வரும். அந்த நாலு மாசம் அவள் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் என்றே சொல்லலாம்.

ஐப்பசியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி பைஜாமா, வெள்ளையில் நீலக் கோடு போட்ட கனத்த ஃப்ளானல். போர்வைக்கு ஓரம் மட்டும்தான் பாக்கி. அந்த நீலக் கோட்டைப் பார்த்தவுடன் வேறு ஓரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, துண்டுகளாக இல்லாமல் நீள நீளமாகவே கொஞ்சம் விழுந்து கிடந்தது. சுருட்டினாள். கை மொத்தம் இருந்தது சுருட்டு. ரவிக்கைக்குள் அடங்கவில்லை. இடுப்பில் செருகி, மேலே முந்தானையைப் போர்த்துக்கொண்டாள்.

மணி அடித்து வரிசையில் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. முந்தின வாரம் இரண்டு முழு பீஸ் ஃப்ளானல் காணாமல் போயிருந்தது. பழைய கிழவியை எடுத்துவிட்டுப் பிரிஜெட் என்று புதிதாக ஒருத்தியைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். ஒருவரையும் விடாமல் தடவிப் பார்த்து அனுப்புகிறாள் என்று முன்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்கள். திரும்பிப் போக வழியில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். தனக்கோடி முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் சின்னத்தாயி. ஏழு மாச வயிறு. இடது தோளில் சாப்பாட்டுப் பை, வாய் திறந்து தொங்கியது. கர்ப்பிணிகளைச் சோதிக்கிற வழக்கம் அதுவரை கிடையாது. வயிற்றைப் பார்த்ததும் தொடாமலே அனுப்பிவிடுவார்கள். தனக்கோடி யோசித்துச் செய்தாளா, யோசிக்காமல் செய்தாளா என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். கை இடுப்புக்குப் போனது, சுருட்டு பைக்குள் விழுந்தது. சின்னத்தாயி அப்போது யாரிடமோ ஊறுகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே போனதும் எடுத்துக்கொள்ளலாம். நூறு அடி தூரம்தானே.

"பையத் தொற," என்றாள் பிரிஜெட்.

"இன்னாங்க, மாசமா இருக்கறவள..."

"ரூல்னா எல்லாருக்கும் ரூல். தொற."

சின்னத்தாயி சிரித்துக்கொண்டேதான் பையை நீட்டினாள். பிரிஜெட் உள்ளே கையை விட்டு எடுத்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. பிறகு, "அய்யோ, இது என்னுது இல்லீங்க," என்றாள்.

ஆள் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸில் அதிகாரி சேஷகிரி உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர், எல்லாரிடமும் அரைத் தமிழ் பேசுவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. காணாமல் போன இரண்டு பீஸுக்கு மேலேயிருந்து அவரிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவருக்கு யாராவது ஒருவர் அகப்பட வேண்டியிருந்தது. சுருட்டை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். வரிசையில் நின்ற பெண்கள் ஜன்னல் பக்கம் கூடிவிட்டார்கள். தனக்கோடி கதவுக்கு நேராக நின்றாள்.

"ஏனம்மா இது? ஏழு மாச கர்ப்பிணி நீ. இந்த மாதிரி செய்யலாமா?"

"சாமி, சத்தியமா எனக்குத் தெர்லீங்க. என் வயித்துல இருக்கறது மேல சத்தியமா தெர்ல. யாரோ போட்டிருக்காங்க."

"யார் போட்டது? பேர் சொல்லு, விட்டுடறேன்."

சின்னத்தாயி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தனக்கோடியின் முகத்துக்கு வந்தபோது அவள் பார்வை நிற்கவே இல்லை. இவள் இருக்கிறாள் என்ற ஆறுதல் மாதிரி ஒன்று அதில் வந்து, அடுத்த முகத்துக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தை போதும். நான்தான். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டு அவள் கையைப் பார்த்தாள். ஹோட்டல் பின்வாசலில் யாரோ எச்சில் இலையை உதறினார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

சின்னத்தாயியின் பேரை அன்றைக்கே அடித்துவிட்டார்கள். கம்பெனி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்ததும் அதோடு போயிற்று. திங்கட்கிழமை பெருமாள்சாமி தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட் முன்னால் மத்தியானம்வரை நின்றான். உள்ளே விடவில்லை.

தனக்கோடி ஒவ்வொரு நாளும் சின்னத்தாயி வீட்டுக்குப் போனாள். கஞ்சி கொண்டுபோனாள், கீரை கொண்டுபோனாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். வரிசையில் மற்றவர்கள் திருட்டுக் கேஸ் என்று கொஞ்சம் ஒதுங்கினார்கள். "எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கினு போறாங்க. நீ ஒருத்திதான்கா வர," என்று சின்னத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "எவ போட்டான்னு மட்டும் தெரிஞ்சா போதும்கா எனக்கு. ஏன் போட்டேன்னு ஒரு வார்த்த கேப்பேன்." தனக்கோடி அடுப்பில் ஊதிக்கொண்டிருப்பாள். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

அந்தப் பௌர்ணமிக்குச் சங்கத்துக்குப் போனாள். பொய் பேச மாட்டேன் என்று எல்லோரோடும் சேர்ந்து சொன்னாள். தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, தான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கடுத்த பௌர்ணமிக்கு அவள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

மழை விட்டபாடில்லை. பெருமாள்சாமிக்கு வேலை இல்லை. எட்டாவது மாசத்தில் சின்னத்தாயி கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போனாள். "வேணாம்டி, நான் பாத்துக்கறேன்," என்று தனக்கோடி வழிமறித்தாள். "நீ எத்தினி நாளுக்குக்கா பாப்ப? உனக்கே ஒருத்தி கூலி," என்றாள் அவள். பதினைந்தாம் நாள் சட்டியோடு விழுந்தாள். மறுநாள் காலையில் வலி எடுத்தது. வீட்டிலேயே, கல் தரையில், சாக்கு விரித்துப் பிரசவம். பெண் குழந்தை. கைக்குள் அடங்குகிற அளவு. அழுகிறதா முனகுகிறதா என்று தெரியாத சத்தம். டிசம்பர் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

மருத்துவச்சி குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "சூடு விடாம பாத்துக்கோங்க. சூடு போச்சுன்னா போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போர்வை டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. நீலக் கோடு இல்லாமல், காக்கியிலேயே ஓரம் கட்டித் தனக்கோடி அதை எப்போதோ முடித்துவிட்டிருந்தாள். ஏன் முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க எப்படி முடியும்? பட்டன் தைத்த கைக்குக் கம்பெனித் துணி தெரியாதா? அந்தச் சிவப்புக் கட்டத்தில் சின்னத்தாயி ஆயிரம் பட்டன் தைத்திருப்பாள். போர்வையைப் பிரித்த அந்த நிமிஷமே எல்லாம் பிரிந்துவிடும்.

முதல் நாள் தன்னுடைய பழைய சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டாம் நாள் மண் சட்டியில் கரி நெருப்புப் போட்டு வைத்தாள். மூன்றாம் நாள் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சின்னத்தாயி அதை மார்போடு ஒட்டி, அதற்கு மேல் சால்வை, அதற்கு மேல் பெருமாள்சாமியின் அந்தக் கோட்டு, அதற்கு மேல் சாக்கு என்று போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "அக்கா, இதுவும் போயிடுமாக்கா?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. தினமும் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

தனக்கோடி தன் வீட்டுக்கு நடந்தாள். பெட்டியைத் திறந்தாள். போர்வையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, எட்டு வீட்டுக்காரர்களும் பார்க்க, பட்டப்பகலில் வந்து சின்னத்தாயியின் மடியில் விரித்தாள்.

"உனக்குத்தான் தச்சது. ஆடி மாசத்துலேர்ந்து தச்சேன்," என்றாள்.

சின்னத்தாயி முதலில் சந்தோஷத்தோடுதான் தொட்டாள். கனமாக, மெத்தென்று இருந்தது. ஒரு துண்டின்மேல் வைத்த விரலை அடுத்த துண்டுக்கு நகர்த்தினாள். காக்கி. பச்சை. சிவப்புக் கட்டம். விரல் மெதுவாகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்தாள்.

"கம்பெனித் துணி."

"ஆமா."

"அந்தச் சுருட்டு..."

"ஆமாடி. நான்தான். இதுக்கு ஓரம் கட்டத்தான் எடுத்தேன். உன்னை செக் பண்ண மாட்டாங்கன்னு..."

பெருமாள்சாமி வாசலில் நின்றவன் உள்ளே ஒரு அடி வைத்தான். சின்னத்தாயி அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கோட்டையும் சாக்கையும் சால்வையையும் ஒவ்வொன்றாக விலக்கினாள். குழந்தையைப் போர்வைக்கு நடுவில் வைத்தாள். நாலு பக்கமும் மடித்து, தலைக்கு மேல் ஒரு மடிப்பு இழுத்து, இறுக்கிச் சுற்றினாள். அவசரப்படவில்லை. ஏன் போட்டாய் என்று அவள் கேட்கவும் இல்லை. சுற்றி முடித்து மார்போடு வைத்துக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"கொழந்தைக்கு வேணும், எடுத்துக்கறேன். நீ போ."

"சின்னத்தாயி..."

"போக்கா. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

தரையில் கிடந்த சால்வையை மடித்துக் கதவோரம் வைத்தாள். தனக்கோடி அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே சேஷகிரியின் மேஜைமுன் போய் நின்றாள். முழுவதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ரெண்டு மாசம் ஆச்சு. இப்போ வந்து ஏன் சொல்றே?"

"அவள மறுபடி எடுத்துக்கோங்க சாமி. என்னை அனுப்பிடுங்க."

"உன்னை அனுப்பத்தான் வேணும். ஒத்துக்கிட்டியே." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவளை எடுக்க முடியாதம்மா. தப்பான ஆளை அனுப்பிட்டேன்னு நானே எழுதிக் கொடுக்கணும். எழுதினா என் வேலை என்ன ஆறது? எனக்கும் நாலு குழந்தை இருக்கு."

அன்று மத்தியானம் தனக்கோடி வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேருடைய இடத்துக்கும் அந்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டார்கள். பிறகு இன்னொரு வீடு, துணி துவைக்க. பட்டினி ஒருநாளும் வரவில்லை. எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றாளோ, அது அவளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று குனிந்து பாத்திரம் தேய்க்கும்போது சில சமயம் வாய்விட்டே சொல்லிவிடுவாள். அந்த வீட்டம்மாள், "என்ன தனக்கோடி?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா," என்பாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. முனிரத்னா என்று பேர் வைத்தார்கள். போர்வையால் பிழைத்தது என்று வரிசையில் சிலர் சொன்னார்கள், ஆயுசு கெட்டி என்று சிலர். தனக்கோடி எதையும் நம்பிக்கொள்ளத் துணியவில்லை. ஆனால் சின்னத்தாயி பழைய சின்னத்தாயி ஆகவில்லை. மண் சுமந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று, நிமிர்ந்து நடக்க முடியாது. வேறு குழந்தையும் உண்டாகவில்லை. ஓயாமல் பேசுகிற வாயும் எப்படியோ அடங்கிவிட்டது. அந்த வரிசைக்கு ஒரே குழாய். எட்டு வருஷம் இரண்டு பேரும் அந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றார்கள். முதலில் மற்றவர்கள் சமாதானம் பண்ணிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சின்னத்தாயி கோபமாக முகத்தைத் திருப்பினாள் என்றும் சொல்ல முடியாது. தனக்கோடி நிற்கிற இடத்தில் யாரும் இல்லாத மாதிரி அவள் பார்வை நேராகப் போகும். தன் முறை வந்தால் குடத்தை வைப்பாள், நிறைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போவாள். எத்தனையோ தடவை தனக்கோடியின் கை தன்னையறியாமல் அந்தக் குடத்துப் பக்கம் நீண்டு, பாதியில் நின்றிருக்கிறது.

அறுபத்து மூன்றில் பெருமாள்சாமிக்குப் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் காவல் வேலை கிடைத்தது. குடியிருக்க இடமும் கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் மாட்டு வண்டி வந்து நின்றது. சாமான் அதிகம் இல்லை. வரிசையில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். தனக்கோடியும் தன் வாசலில் நின்றாள். காக்ஸ் டவுன் வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

பெருமாள்சாமி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி வாசலுக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினான். "போய்ட்டு வரோம்," என்று அவளிடமும் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

சின்னத்தாயி ஏற்கனவே வண்டியில் ஏறி, இடுப்புக்கு ஒரு மூட்டையை அணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். முனிரத்னாவுக்கு எட்டு வயது. இரட்டைப் பின்னல். வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் கையை ஆட்டினாள். தனக்கோடியைப் பார்த்ததும் கை நின்றது. இத்தனை வருஷம் ஒரே வரிசையில் இருந்தும் தன் வீட்டார் யாரும் பேசாத அந்தக் கடைசி அறைக்காரி தங்களையே பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

"அவுங்க நமக்கு யாரும்மா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

சின்னத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த ரூம்ல இருக்கறவங்க," என்றாள்.

வண்டி நகர்ந்தது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் திரும்புகிறவரைக்கும் தனக்கோடி நின்றாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள்.